வாலிபர் வழுக்கையும் தலையின் எண்ணெய்ப்பசையும்



சென்ற தைத் திங்களில் எம் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் தம் புதல்வனுக்குப் பெண் தேடும் பொருட்டு எம் இல்லம் போந்தார். நம் இதழின் திருமணப் பகுதியில் வெளியிடுதற்கென்று அவர் கொணர்ந்த நிழற்படத்தைக் கண்ட அளவிலேயே, அது பழையதென்பது எமக்குப் புலனாயிற்று. பையன் கல்லூரியிற் பயின்ற காலத்துப் படம் அது. நெற்றியின் மேல் மயிர் அலையலையாய் எழுந்து நின்றது.

"தம்பி, இப்பொழுது எடுத்த படம் ஒன்றும் இல்லையா?" என்றேன்.

அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "என்ன சொல்ல, அண்ணா! அவனுக்கு வயது 24. அதற்குள் இரு பொட்டிலும் மயிர் பின்வாங்கிவிட்டது. காலையிற் குளித்தால் மாலைக்குள் தலை எண்ணெய் பூசினாற்போல ஆகிவிடுகிறது. அந்த எண்ணெய்தான் மயிரைத் தின்கிறதென்று எவனோ சொல்ல, மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பங்கு தைலப் புட்டிக்கே போகிறது. பெண் பார்க்கப் போவோம் என்றால் வர மறுக்கிறான்" என்று கூறி வருந்தினார்.

மறுநாள் பையனே வந்தான். தொப்பியைக் கழற்றாமலே அமர்ந்திருந்து, நெடுநேரங் கழித்து, "பெரியப்பா, தலையிற் சுரக்கும் எண்ணெய் மயிர்க்காலை அடைத்துத்தானே மயிர் உதிர்கிறது? தைலம் விற்போர் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்று வினவினான். யான் மருத்துவனல்லேன், பழைய நூல்களைப் புரட்டுவதில் விருப்பமுடையேன், அவ்வளவே. ஆயினும் அவன் வினா எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. தேடத் தேட, இவ்வெண்ணெயின்மீது சாட்டப்பட்ட குற்றம் இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட வழக்கென்றும், அவ்வழக்கிற் பேரறிஞர் பலர் ஒருவருக்கொருவர் நேர்மாறாகத் தீர்ப்பளித்துள்ளனர் என்றும் அறிந்தேன். நம் இளைஞருட் பலர் இதே கவலையால் உண்ணாமலும் உறங்காமலும் பொருளிழந்தும் இருப்பதனை அறிவேனாதலின், அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வழுக்கைக்கு மருந்து தேடாத நாடு உலகத்தில் இல்லை போலும். எகிப்து தேயத்தில் ஏறத்தாழ கி. மு. 1550இல் எழுதப்பெற்றதும், இன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பல்கலைக்கழகத்தில் இருப்பதுமாகிய ஏபெர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுவடியில், சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைச் சேர்த்து வழுக்கைத் தலையிற் பூசும்படி ஒரு முறை கூறப்பட்டுள்ளது. முதலையின் கொழுப்பை அக்காலத்தில் எவன் எடுத்து வந்தானோ, அவனுக்குக் கொடுத்த கூலி எவ்வளவோ, யாம் அறியோம்; இன்றைய தைலப் புட்டியின் விலை அதற்குக் குறைவாகவே இருக்கும்.

யவன தேயத்து ஹிப்போக்கிரதீசு என்னும் மருத்துவப் பெரியார், விதை நீக்கப்பட்ட அலிகள் வழுக்கை எய்துவதில்லை என்று தம் சூத்திரங்களுள் ஒன்றிற் குறித்துச் சென்றார். இக்குறிப்பினை நேயர் நினைவில் இருத்துக; இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகட்குப் பின் இதுவே சாட்சியாக வந்து நிற்கக் காண்பீர்கள். அவருக்குப் பின் வந்த அரிஸ்டாட்டில், சிறுவரும் மகளிரும் அலிகளும் வழுக்கையுறார் என்றும், பருவமெய்திய ஆடவரே அதனை எய்துவர் என்றும் சரியாகவே கண்டார். ஆயின் காரணங் கூறப் புகுந்தபோது, தலையில் வெம்மையும் நெய்ப்பும் உள்ள ஈரம் குறைவதனாலேயே மயிர் உதிர்கின்றது என்றார். நெய்ப்பசை மிக்க மரங்கள் இலையுதிராது என்றும் பசுமையாய் நிற்பதை அதற்கு எடுத்துக்காட்டாகவும் கூறினார். அஃதாவது, இவ்வழக்கின் முதல் தீர்ப்பு எண்ணெய்க்குச் சார்பானது. எண்ணெய் மிகுந்தமையால் அன்று, குறைந்தமையாலேயே மயிர் உதிர்ந்ததென்பது அப்பெரியார் கொள்கை.

நம் பாரத நாட்டிலோ, சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதி வேறொரு காரணம் கூறும். மயிர்க்கால்களைச் சார்ந்த பித்தம் வாதத்தோடு கூடி மயிரை உதிர்க்கின்றது. அதன்பின் கபம் குருதியோடு கலந்து அம்மயிர்க்கால்களை அடைத்துவிடுகின்றது. ஆதலின் வேறு மயிர் முளைப்பதில்லை. இதுவே அந்நூலின் முடிபு. எம் தம்பி மகன் கூறிய 'அடைப்பு' என்னும் சொல் எத்துணைப் பழமையுடையது பாருங்கள்! தைலக்காரர் நேற்றுப் புனைந்த சொல்லன்று அது. இவ்விரு தேயத்தாரும் கண்ணாற் கண்டவற்றிற் பிழை செய்திலர். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்ற காரணத்தைக் கற்பனையால் நிரப்பினர்.

இவ்விடத்தில் உரோமாபுரியின் தோமீசியன் என்னும் மன்னனைப் பற்றி ஒரு சொல். கி. பி. 81 முதல் 96 வரை அரசாண்ட அவன் இளமையிலேயே மயிரிழந்தவன். பிறர் தலையைப் பற்றி யாரேனும் நகையாடினாலும் தன்னையே இகழ்ந்ததாகக் கொண்டு சினப்பானாம். மயிரைப் பேணும் முறை பற்றித் தானே ஒரு சிறு நூல் எழுதி நண்பனொருவனுக்கு அளித்தானென்றும், தான் இளைஞனாயிருக்கத் தன் மயிர் முதுமையெய்தியதனைப் பொறுத்துக்கொள்வதாக அதில் எழுதினானென்றும் சுவெத்தோனியசு என்னும் சரிதாசிரியர் கூறுவர். சீசர் தம் வழுக்கையை மறைக்க வெற்றி மாலையை விரும்பி அணிந்த கதையைப் பலரும் அறிவர். ஆயினும் அவர் முதிர்ந்த வயதினர். நம் வாலிபருக்கு உற்ற தோழன் தோமீசியனே. உலகையாளும் ஒருவனுக்கும் இத்துயர் இருந்ததென்று கூறியபோது, எம் தம்பி மகன் முதன்முறையாகச் சிரித்தான்.

பிரான்சு மன்னன் பதின்மூன்றாம் லூயி தன் இருபதாம் அகவையை ஒட்டிய காலத்திலேயே மயிரிழந்து 1620களிற் பொய்ம்மயிர் அணியலானான். அரசன் அணிந்ததை அவையோர் அணிந்தனர். அவையோர் அணிந்ததை ஐரோப்பாக் கண்டத்துச் செல்வர் அனைவரும் அணிந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழக்கம் ஒழியவே, சொந்த மயிரைக் காட்டவேண்டிய நிலை வந்தது. தைல வாணிகமும் அதனோடு வளர்ந்தது. இலண்டன் மாநகரத்தில் ரோலண்டு என்னும் முடிதிருத்துவோர் விற்ற 'மக்காஸர் எண்ணெய்' அந்நாளிற் பெரும்புகழ் பெற்றது. ஆடவர் அனைவரும் அதனைப் பூசி நாற்காலிகளிற் சாய்ந்தமையால் மெத்தைகள் கறைபட, அதனைத் தடுக்கும் பொருட்டு நாற்காலியின் முதுகில் விரிக்கும் சிறு துணிக்கு 'மக்காஸர் தடுப்பு' என்று பொருள்படும் பெயரே ஆங்கிலத்தில் ஏற்பட்டது. நம் வீடுகளில் பாட்டனார் சாய்வு நாற்காலியின் தலைப்புறத்தில் அழியாது நின்ற எண்ணெய்க் கறையைக் கண்டவர்க்கு இது வியப்பாகாது.

இனி, வழக்கின் நடுப்பகுதிக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ உலகம் கிருமிகளைக் கண்ட மகிழ்ச்சியில் மூழ்கியிருந்தது. 1882இல் கோக்கு என்னும் ஜெர்மானியர் க்ஷயரோகக் கிருமியைக் கண்டனர். 1894இல் பாரிசுப் பாஸ்தர் நிலையத்தைச் சார்ந்த எர்சின் என்பார் ஹாங்காங்கிற் பிளேக்குக் கிருமியைக் கண்டனர். நோயெல்லாம் கிருமியால் வரின், வழுக்கையும் ஏன் கிருமியால் வரலாகாது? இவ்வினாவை எழுப்பியவர் ரேமோன் சபூரோ என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1864இற் பிறந்து 1938இல் மறைந்த இவர், பாஸ்தர் நிலையத்திற் பயின்று, பாரிசு நகரத்துத் தூய லூயி மருத்துவமனையில் தோல்நோய்ப் பகுதியிற் பணியாற்றியவர், சிற்பக்கலையிலும் கைதேர்ந்தவர். பள்ளிச் சிறாரின் தலையைப் பற்றும் படர்தாமரையை ஆராய்ந்து, அதன் பூஞ்சைகளை வளர்க்கும் ஊட்டக் கலவை ஒன்றை அவர் அமைத்தனர். இன்றும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆதலின் அவரை எளிதில் நகைத்து ஒதுக்கற்க. பிழை செய்தவர் பெரியார், பிழையும் பெரிதாயிற்று.

சபூரோ எண்ணெய் வடியும் தலைகளைப் பரிசோதித்தார். மயிர்க்கால் ஒவ்வொன்றின் வாயிலும் நெய்யுருண்டை ஒன்று அடைத்து நிற்பதையும், அவ்வுருண்டையுள் நுண்ணிய கிருமிகள் பல்லாயிரம் குழுமியிருப்பதையும் கண்டார். உடனே, இக்கிருமியே நெய்யைப் பெருக்குகின்றது, நெய்யும் கிருமியின் நஞ்சும் சேர்ந்து மயிர்வேரை வாட்டுகின்றன, அதுவே வழுக்கை என்று முடிவு கட்டினார். 1897இல் பாஸ்தர் நிலைய ஏட்டில் இக்கொள்கை வெளிவந்தது. அரிஸ்டாட்டில் எண்ணெய்க் குறைவைக் குற்றவாளியாக்கினார். சபூரோ எண்ணெய் மிகுதியைக் குற்றவாளியாக்கினார். இரண்டும் ஒரே தலையைக் கண்டு கூறியவை!

இக்கொள்கை பரவவே, வழுக்கை ஒட்டுவாரொட்டி என்னும் அச்சமும் பரவிற்று. முடிதிருத்தகத்துச் சீப்பும் தூரிகையும் ஐயத்துக்கு உள்ளாயின. பிறர் சீப்பால் வாரினமையால் மயிர் போயிற்றென்று தொழிலாளரைப் பழித்தோர் பலர். இப்பழி வழுக்கையைப் பொறுத்தவரை முற்றும் பொய். ஆயினும் சீப்பைக் கொதிநீரிலிடும் பழக்கம் தீயதென்று எவரும் கூறார். படர்தாமரையும் பேனும் அவ்வழியே பரவுவன அன்றோ? தவறான காரணத்தினின்றும் நல்ல பழக்கம் பிறப்பதும் உண்டு. இறுக்கமான தொப்பியே காரணம், அடிக்கடி நீர் படுதலே காரணம், மூளை உழைப்பே காரணம் என்றெல்லாமும் அக்காலத்தார் கூறினர். அவற்றை விரிப்பிற் பெருகும், ஒன்றும் நிலைக்கவில்லை.

சபூரோ கண்ட கிருமி உண்மையே. 2016 முதல் அதற்குக் கியூட்டிபாக்டீரியம் ஆக்னீசு என்பது பெயர். ஆனால் அது பருவமெய்திய மாந்தர் ஏறக்குறைய அனைவரின் தோலிலும் குடியிருப்பது; அடர்ந்த கூந்தலுடைய மகளிர் தலையிலும் உள்ளது. குற்றம் நிகழ்ந்த வீட்டில் இருந்தானென்பதற்காக ஒருவனைச் சிறையிட்டு, அவன் எல்லா வீட்டிலும் இருக்கிறானென்பதை மறந்த நீதிபதியின் நிலையே அவர் நிலையாயிற்று.

உண்மைச் சாட்சி 1942இல் வந்தது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர், பருவ வளர்ச்சி எய்தாதவரும் விதை நீக்கப்பட்டவருமாகிய 104 ஆடவரைப் பற்றிய ஆராய்ச்சியை அவ்வாண்டு வெளியிட்டார். பருவத்துக்கு முன் விதையிழந்தவர் எவரும் வழுக்கையுற்றிலர். அவர்தம் குடும்பத்தில் தந்தையும் தமையனும் வழுக்கையராயிருந்தும், இவர் தலை மட்டும் முதுமை வரை நிறைந்திருந்தது. அத்தகையோருக்கு டெஸ்டாஸ்டரோன் என்னும் ஆண்மைச் சுரப்பினைச் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை உடையோர்க்கு மயிர் உதிரத் தொடங்கிற்று, ஏனையோர்க்கு உதிர்ந்திலது. மருந்தை நிறுத்தவே, உதிர்தல் நின்றது. போன மயிர் மீளவில்லை. ஹிப்போக்கிரதீசு ஒரு வரியிற் குறித்துச் சென்றதன் பொருள் இவ்வாறு விளங்கிற்று. வழுக்கைக்கு வேண்டுவன மூன்று: ஆண்மைச் சுரப்பு, பரம்பரை, வயது. இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் அது வாராது.

விதை நீக்கப்பட்டவர் எங்கிருந்து வந்தனர் என்று நேயர் வினவலாம். அந்நாளில் அமெரிக்காவின் சில காப்பகங்களில் மனவளர்ச்சி குன்றியவர்களை அவர்தம் விருப்பமின்றியே விதையடிக்கும் கொடிய வழக்கம் இருந்தது. கான்சஸ் மாகாணம் அதற்குப் பேர்பெற்றது. அத்தகையோரின் ஆயுளைப் பற்றி ஹாமில்டனே 1969இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். நம் அறிவிற் சில, இத்தகைய இருண்ட வாயிலின் வழியே வந்தவை.

இனி, எண்ணெய் எவ்வாறு இவ்வழக்கிற் சிக்கிற்று? தலையின் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு சிறு நெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கின்றது. குழந்தைப் பருவத்தில் அது உறங்கிக் கிடக்கும்; பருவம் வரவே, ஆண்மைச் சுரப்பின் ஏவலால் விழித்துப் பெருகும். முகப்பரு தோன்றுவதும் தலை எண்ணெய் வடிவதும் அக்காலத்திலேதான். வழுக்கைக்குரிய பரம்பரையுடைய மயிர்க்கால்கள் அதே சுரப்பின் ஏவலால் ஆண்டுதோறும் சிறுத்து, நீண்ட கருமயிரை விடுத்து மெல்லிய பூமயிரையே விளைப்பனவாகின்றன. மயிர்க்கால் மெலியினும் அருகிலுள்ள நெய்ச் சுரப்பி மெலிவதில்லை. மயிர் அடர்ந்திருந்த காலத்து ஆயிரம் இழைகளிற் பரவி மறைந்த எண்ணெய், மயிர் குறைந்தபின் தோலின் மேலே மின்னி நிற்கும். கண்ணாடியில் நோக்கும் இளைஞன், எண்ணெய் மிகுந்தது, மயிர் குறைந்தது, ஆதலின் எண்ணெயே காரணம் என்று எண்ணுகிறான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவனை மற்றவனுக்குத் தந்தை என்று கூறுவதை ஒக்கும் அது. அன்றியும் சுரக்கும் நெய் மேல்நோக்கி வழிந்து வெளியேறுவதல்லது, வேருக்கு இறங்கி அதனை நெரிப்பதில்லை.

இதனைத் தெளிவாகக் காட்டியவர்கள், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றிலுள்ள தொமினிக்கன் குடியரசின் சலீனாஸ் என்னும் சிற்றூர் மக்கள் சிலராவர். அவ்வூரில் பெண்மகவாகக் கருதி வளர்க்கப்பட்ட குழந்தைகள் சிலர், ஏறத்தாழ 12 வயதில் குரல் தடித்து, தசை திரண்டு, ஆடவராய் மாறினர். நியூயார்க்கு நகரத்துக் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஜூலியன் இம்பெராட்டோ-மக்கின்லி என்னும் அம்மையார் தம் குழுவினரோடு இவரை ஆராய்ந்து 1974இல் தம் முடிபை வெளியிட்டார். ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டாஸ்டரோனை, அதனினும் வலிய டைஹைட்ரோ டெஸ்டாஸ்டரோனாக மாற்றும் நொதி ஒன்று இவர் உடலிற் பிறப்பிலேயே குறைவு. இவ்வாடவர்க்குத் தாடி மிகச் சிறிது. நெற்றி மயிர் பின்வாங்குதல் இல்லை. அவ்வம்மையார் குழுவினர் 1993இல் மற்றொன்றும் வெளியிட்டனர். இவ்வாடவர் தோலிற் சுரக்கும் நெய்யை அளந்தபோது, அது ஏனைய ஆடவரின் அளவே இருந்தது! எண்ணெய் குறையவில்லை, ஆயினும் வழுக்கை இல்லை. எண்ணெயே வழுக்கைக்குக் காரணமாயின், சலீனாஸ் ஆடவர் எல்லாரும் ஏனையோர் போன்றே மயிரிழந்திருத்தல் வேண்டும். நெய்ச் சுரப்பியை ஏவும் நொதி வேறு, நெற்றி மயிரை வாட்டும் நொதி வேறு என்பது பின்னர் விளங்கிற்று. அரிஸ்டாட்டில் தொடங்கிய வழக்கு இவ்வாறு எண்ணெயின் விடுதலையில் முடிந்தது.

ஆயின் எண்ணெய் முற்றிலும் குற்றமற்றதோ எனின், அன்று. பொடுகு என்னும் சிறு குற்றத்துக்கு அஃது உடந்தையே. 1874இல் மலாசே என்னும் பிரெஞ்சு அறிஞர் பொடுகுச் செதிலிற் கண்ட பூஞ்சை இன்றும் அவர் பெயரால் மலாசேசியா எனப்படும். நெய்யை உணவாகக் கொண்டு வாழ்வது அது என்பதை 1939இல் ரோடா பென்ஹாம் என்னும் அமெரிக்க அம்மையார் காட்டினர். 1984இல் ஷஸ்டர் என்னும் ஆங்கில அறிஞர், பொடுகை நீக்கும் மருந்துகள் அனைத்தும் இப்பூஞ்சையைக் கொல்வனவே என்று நிறுவியபின், கீட்டோகோனசோல் முதலியன சேர்ந்த தலைக்கழுவிகள் பெருகின. எண்ணெய் சுரக்கும் தலையில் இப்பூஞ்சை செழித்து, அரிப்பும் செதிலும் உண்டாகும். ஓயாது சொறிவதால் சில இழைகள் உதிரவுங் கூடும். அது மீள்வது, வழுக்கையன்று. ஈண்டு நம் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காயோ அரப்போ இட்டு நன்கு அலசிய நம் முன்னோர் முறை வேறு. பொடுகு மண்டிய தலையில் எண்ணெயை அப்பி இரவெல்லாம் வைத்திருப்பது வேறு. பின்னது அப்பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும்.

இளைஞர் தலையில் மயிர் உதிர்வதெல்லாம் வழுக்கையென்று அஞ்சுதலும் தவறு. நாளொன்றுக்கு 50 முதல் 100 இழை வரை உதிர்வது எவர்க்கும் இயல்பு. கடுங்காய்ச்சல் கண்டவர்க்கு இரண்டு மூன்று திங்கள் கழித்துக் கொத்துக்கொத்தாய் உதிர்ந்து, தானே மீண்டும் முளைக்கும். 2019இன் இறுதியில் தொடங்கிய கொரோனா நோய்க்குப் பின் பலர் இதனைக் கண்டனர். காசளவு வட்டமாய் வழுக்கும் புழுவெட்டு மற்றொரு நோய்; அதற்கும் எண்ணெய்க்கும் புழுவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இவற்றைப் பிரித்தறிவது தோல் மருத்துவர் செயல்.

பரம்பரை பற்றித் 'தாய்மாமன் தலையைப் பார்' என்று நம்மவர் கூறுவதுண்டு. இதில் ஒரு பாதி உண்மை உளது. ஆண்மைச் சுரப்பினை ஏற்கும் வாயிலாகிய மரபணு, தாயினிடமிருந்தே மகனுக்கு வரும் எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. அதற்கும் வழுக்கைக்கும் தொடர்புண்டென்று 2001இற் கண்டனர். ஆயினும் தந்தை வழியினும் மரபணுக்கள் பல வருதலின், மாமன் தலை முழுச் சாட்சியாகாது. (மாமன் மகளையே மணக்கும் குடும்பங்களில், மாமனார் வழுக்கையராயின் மாப்பிள்ளையைக் குறைகூற அவர்க்கு வாயேது?)

மருந்துகளைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். மினாக்சிடில் என்பது இரத்த அழுத்தத்துக்கென்று அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனத்தார் கண்ட மருந்து. உண்டவர் உடலெங்கும் மயிர் முளைத்தமை கண்டு, தலையிற் பூசும் நீராக்கினர். 1988இல் அந்நாட்டு அரசு அதற்கு இசைவளித்தது. நிறுத்தினால் சில திங்களில் வந்த மயிர் போய்விடும். பினாஸ்டரைடு என்பது சலீனாஸ் ஆடவர் வரலாற்றை அறிந்த மெர்க்கு நிறுவனத்தார், அந்நொதியைத் தடுக்குமாறு செய்த மாத்திரை. 1992இல் மூத்திர வாயிற் சுரப்பியின் வீக்கத்துக்கும், 1997இல் வழுக்கைக்கும் இசைவு பெற்றது. பலர்க்கு உதிர்தலை நிறுத்துகின்றது. சிலர்க்கு ஆண்மைக் குறைவும் மனச்சோர்வும் தருகின்றது. தற்கொலை எண்ணமும் அதன் தீய விளைவுகளுள் ஒன்றென்று 2025இல் ஐரோப்பிய மருந்து முகமையகம் உறுதி செய்தது. ஆதலின் நண்பன் சொற்கேட்டு மருந்துக் கடையில் வாங்கி விழுங்கற்பாலதன்று. பின்தலை மயிரைப் பெயர்த்து முன்தலையில் நடும் அறுவையை நியூயார்க்கு நகரத்து ஓரன்றைக்கு 1959இல் விளக்கிக் காட்டினார். பின்தலை மயிர் எங்கு நட்டாலும் தன் இயல்பு மாறாதென்பதே அதன் அடிப்படை.

தைலங்கள்? கடையில் நேரே விற்கும் மயிர்வளர்ப்புப் பொருள்கள் எவையும் பயனுடையவென்று மெய்ப்பிக்கப்படவில்லை என அமெரிக்க அரசு 1989இல் விதி செய்தது. நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில், தீர்ப்பதாக எம்மருந்தும் உரிமை கொண்டாடலாகாத நோய்களுள் வழுக்கையும் வைக்கப்பட்டுள்ளது. இவ்வரியைப் பையனிடம் படித்துக் காட்டினேன். அவன் வாங்கிய புட்டிகளை எண்ணிப் பார்த்தோம், பதினேழு இருந்தன. அவற்றின் விலையைக் கூட்ட வேண்டாமென்று அவன் கேட்டுக்கொண்டான்.

பின்னர் அவன் தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்றான். பொடுகுக்குத் தலைக்கழுவி கொடுத்தார். மூன்று வாரத்தில் அரிப்பு நின்றது. எண்ணெய்ப்பசையைப் பற்றி, நாள்தோறும் கழுவினால் தீங்கில்லை என்றார். பூசும் நீரை ஓராண்டு பார்ப்பதாக அவன் இசைந்தான். மாத்திரையை, மணமாகி மனைவியோடு கலந்து முடிவு செய்வதாகக் கூறிவிட்டான். அவ்விடை எமக்கு மிகவும் பிடித்தது.

சென்ற வாரம் தம்பி மீண்டும் வந்தார். புதிய நிழற்படம் கொணர்ந்தார். தொப்பியில்லை, மயிரை முன்னே இழுத்து வாரவுமில்லை, நெற்றி உள்ளபடியே இருந்தது. இவ்விதழின் திருமணப் பகுதியில் வரும் படங்களுள் அதுவும் ஒன்று. எதுவென்று யான் கூறேன்.